தீக்காற்று

1

பெயர்களிலிருந்து தொடங்கலாம். பழைய பாடநூல்களில் அது பிராணவாயு. தனித்தமிழ் வழிநின்றோருக்கு உயிர்வளி. ஈழத்துப் பாடநூல்களில் ஒட்சிசன். நம் பள்ளிகளில் ஆக்சிஜன். முதலிரண்டு பெயர்களும் உயிரைச் சுட்டுகின்றன. பின்னிரண்டும் பிரெஞ்சு வேதியியலார் அந்துவான் லவோய்சியே சூட்டிய பெயரின் ஒலிபெயர்ப்புகள். 'அமிலத்தைப் பிறப்பிப்பது' என்று அதற்குப் பொருள். எல்லா அமிலங்களுக்கும் இவ்வாயுவே மூலம் என்று அவர் கருதினார். அக்கருத்து பிழையானது எனப் பின்னர் தெளிவாயிற்று. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

வழக்கொழிந்துபோன இன்னொரு பெயரும் உண்டு. சுவீடனில் மருந்தாளுநராகப் பணியாற்றிய கார்ல் வில்ஹெல்ம் ஷீலே 1770களின் தொடக்கத்திலேயே இவ்வாயுவைப் பிரித்தெடுத்திருந்தார். ஆனால் காற்றையும் தீயையும் பற்றிய அவரது நூல் 1777இல்தான் அச்சேறியது. அதற்குள் இங்கிலாந்தில் ஜோசப் பிரீஸ்ட்லி முந்திக்கொண்டார். ஷீலே இட்ட பெயர் 'தீக்காற்று'. ஐம்பூதங்களை எண்ணும் நம் மரபில் வளியும் தீயும் வேறு வேறு. அவ்விரண்டையும் ஒரே சொல்லில் இணைத்த பெயர் அது.

கடலுக்கடியில் மூச்சுவிட உதவும் ஒரு சிறு பித்தளைக் கருவியையும் அதன் பராமரிப்பையும் பற்றியது இக்கட்டுரை. கைப்பிடிக்குள் அடங்கும் அக்கருவியின் வரலாற்றை நாம் படிக்கப் படிக்க ஒன்று துலங்குகிறது. உயிர்வளி என்ற பெயரை மட்டும் நினைவில் வைத்து, தீக்காற்று என்ற பெயரை மறந்த இடங்களிலெல்லாம் மனிதர் விலைகொடுத்திருக்கிறார்கள்.

2

1774 ஆகஸ்டு முதல் நாளன்று பிரீஸ்ட்லி ஒரு பெரிய உருப்பெருக்கிக் கண்ணாடியால் சூரிய ஒளியைக் குவித்துப் பாதரசத்தின் செந்நிறத் தூளைச் சூடேற்றினார். வெளிப்பட்ட வாயுவில் மெழுகுவத்தி வியக்கத்தக்க பொலிவுடன் எரிந்தது. மறு ஆண்டு அதில் ஒரு சுண்டெலியை அடைத்துப் பார்த்தார். சாதாரணக் காற்றில் இருப்பதைவிட நெடுநேரம் அது உயிரோடிருந்தது. பின்னர் தாமே சுவாசித்தார். நெஞ்சு இலேசானதுபோல் உணர்ந்தார். மகிழ்ச்சியோடு கூடவே ஓர் ஐயமும் அவருக்கு எழுந்தது. மெழுகுவத்தி இதில் விரைந்து எரிந்து தீர்கிறதே, மனித உயிரும் அவ்வாறே விரைந்து தீர்ந்துவிடாதா? நலமுள்ள உடலுக்கு இது ஏற்றதுதானா?

அந்த ஐயத்துக்கு விடை கிடைக்க ஒரு நூற்றாண்டு ஆயிற்று. பிரெஞ்சு உடலியலார் பால் பெர் 1878இல் வெளியிட்ட பெருநூல், அழுத்தம் உடலில் நிகழ்த்தும் மாற்றங்களை ஆராய்ந்தது. அதில் இரண்டு உண்மைகள் நிறுவப்பட்டன. முதலாவது, ஆழத்திலிருந்து விரைந்து மேலேறுவோரை முடக்கும் நோய்க்குக் காரணம், குருதியிலும் திசுக்களிலும் கரைந்த நைட்ரஜன் குமிழ்களாக வெளிப்படுவதே. இரண்டாவது, மிகுந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகி வலிப்பை உண்டாக்கும்.

வரலாற்றின் விந்தை பாருங்கள். அதே 1878இல்தான் இங்கிலாந்தில் ஹென்றி ஃபிளூஸ் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கும் மூழ்குகருவி ஒன்றை உருவாக்கினார். செவர்ன் ஆற்றின் கீழ் அமைந்துவந்த இரயில் சுரங்கப்பாதையில் வெள்ளம் புகுந்தபோது, 1880இல் அலெக்சாண்டர் லேம்பர்ட் என்ற மூழ்குநர் அக்கருவியை அணிந்து இருளில் நடந்துசென்று, திறந்துகிடந்த இரும்புக் கதவை மூடினார். மேலிருந்து காற்றுக் குழாயை இழுத்துச் சென்றிருந்தால் அது இயலாது. ஒரே ஆண்டில் ஆக்சிஜனின் நஞ்சும் எழுத்தில் வந்தது. அதைச் சுவாசிக்கும் கருவியும் கையில் வந்தது.

பின்வந்த இரு பெயர்கள் தந்தையும் மகனுமானவர்களுடையவை. தந்தை ஜான் ஸ்காட் ஹால்டேன் 1908இல், ஆழத்திலிருந்து படிப்படியாக மேலேறும் முறைக்கான அட்டவணைகளைத் தம் கூட்டாளிகளோடு வெளியிட்டார். மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் இரண்டாம் உலகப்போரையொட்டிய ஆண்டுகளில் அழுத்த அறைக்குள் தம் உடலையே சோதனைப்பொருளாக்கினார். ஆக்சிஜன் வலிப்பு ஒன்றில் அவருடைய முதுகெலும்பு நசுங்கியது. இவரே 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தவர். போர்க்காலத்தில் பிரிட்டனின் கடற்படை மருத்துவர் கென்னத் டொனால்டு பல தன்னார்வலர்களிடம் செய்த சோதனைகள் 1947இல் வெளியாயின. ஒருவரின் தாங்குதிறன் மற்றவருடையதிலிருந்து வேறுபடுகிறது. அதே மனிதரிடத்தும் நாளுக்கு நாள் மாறுகிறது. அதுவே அவர் கண்ட முடிவு. உடலை நம்பி எல்லை வகுக்க முடியாது என்பது இதன் பொருள்.

3

இப்போது கருவிக்கு வருவோம். பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியாக இருந்த ழாக் கூஸ்தோ, போருக்கு முன் ஆக்சிஜன் கருவியோடு மூழ்கி இருமுறை வலிப்புக்கு ஆளானவர். ஆக்சிஜனை விடுத்து அழுத்திய காற்றை நாட இதுவும் ஒரு காரணம். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்கீழ் பெட்ரோல் அரிதாகிப்போன பிரான்சில், கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்கான அடைப்பிதழ் ஒன்றை எமில் கான்யான் என்ற பொறியாளர் வடிவமைத்திருந்தார். அதைத் தண்ணீருக்கேற்ப மாற்றியமைத்து 1943இல் இருவரும் உருவாக்கியதே இன்றைய ஸ்கூபா ரெகுலேட்டரின் மூதாதை.

அதன் இயக்கம் எளிது. முதுகில் சுமக்கும் உருளையில் காற்று ஏறக்குறைய 200 பார் அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. வளிமண்டல அழுத்தத்தைப்போல் 200 மடங்கு. அதை அப்படியே வாயில் வாங்க முடியாது. இன்றைய ரெகுலேட்டரில் இரு நிலைகள் உண்டு. உருளையின் கழுத்தில் பொருந்தும் முதல்நிலை, அழுத்தத்தைச் சூழ்நீரின் அழுத்தத்தைவிட 9 அல்லது 10 பார் மிகுதியாக இருக்குமளவுக்குக் குறைக்கிறது. வாயில் கவ்வும் இரண்டாம் நிலை, மூச்சை இழுக்கும்போது மட்டும் திறந்து, சூழ்நீரின் அழுத்தத்திலேயே காற்றைத் தருகிறது. இவற்றினுள்ளே விற்சுருள், உந்துதண்டு, சவ்வு, ரப்பர் வளையங்கள், அவ்வளையங்கள் வழுக்கி நகர்வதற்கான சிறிதளவு மசகு. நம் கதையின் மையம் அந்த மசகுதான்.

காற்றில் நைட்ரஜன் 78 விழுக்காடு, ஆக்சிஜன் 21. மூழ்குநரை முடக்குவது நைட்ரஜன் என்றால், அதைக் குறைத்து ஆக்சிஜனைக் கூட்டினால் என்ன? இதுவே செறிவூட்டிய காற்றின் தத்துவம். நைட்ராக்ஸ் என்பது அதன் வழக்குப்பெயர். அமெரிக்கக் கடல்-வளிமண்டல நிறுவனமான நோவாவில் மார்கன் வெல்ஸ் 1970களில் இதற்கான முறைகளை வகுத்தார். 32 விழுக்காடு ஆக்சிஜன் கொண்ட கலவைக்கான அட்டவணைகள் 1979இல் அந்நிறுவனத்தின் மூழ்குநர் கையேட்டில் இடம்பெற்றன. நோவாவிலிருந்து ஓய்வுபெற்ற டிக் ருட்கவ்ஸ்கி 1985இல் புளோரிடாவில் பொதுமக்களுக்கு இதைக் கற்பிக்கும் சங்கம் ஒன்றை நிறுவினார்.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. 'சாத்தான் வாயு' என்றுகூட அதை அழைத்தனர். 1992 சனவரியில் ஹூஸ்டன் நகரில் கூடவிருந்த மூழ்குதொழிற் கண்காட்சியில் நைட்ராக்ஸ் கற்பிப்போருக்கு இடமில்லை என்று முதலில் முடிவெடுக்கப்பட்டது. பின்னரே அம்முடிவு தளர்ந்தது. பிரிட்டனின் பெரிய மூழ்குநர் சங்கமும் 1992இல் தன் உறுப்பினர்களுக்கு அதைத் தடைசெய்தது. சில ஆண்டுகளில் தானே கற்பிக்கவும் தொடங்கியது. 1990களின் நடுப்பகுதிக்குள் நைட்ராக்ஸ் பொதுவழக்காகிவிட்டது.

அந்த விவாதங்கள் பெரும்பாலும் உடலைப் பற்றியவை. 32 விழுக்காட்டுக் கலவையோடு எவ்வளவு ஆழம் செல்லலாம்? ஆக்சிஜனின் பகுதியழுத்தம் 1.4 பாரைத் தாண்டக்கூடாது என்ற வழக்கப்படி, ஏறத்தாழ 33 மீட்டர். 36 விழுக்காடானால் 28 மீட்டர். பிரீஸ்ட்லியின் ஐயத்துக்கு ஒருவகையாக எல்லை கட்டியாயிற்று. ஆனால் ஷீலேயின் பெயர் நினைவூட்டும் கேள்வி வேறு. மனிதர் தாங்குவது ஒருபுறம் இருக்கட்டும், கருவி தாங்குமா?

4

அக்கேள்வியின் கொடூரமான விடை கடலில் எழுதப்படவில்லை. 1967 சனவரி 27 அன்று, அமெரிக்காவின் அப்பல்லோ விண்கலம் ஒன்றை ஏவுதளத்திலேயே நிறுத்திவைத்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலத்தினுள் தூய ஆக்சிஜன், வளிமண்டல அழுத்தத்தைவிடச் சற்று மிகுந்த அழுத்தத்தில் நிரப்பப்பட்டிருந்தது. எங்கோ ஒரு மின்பொறி. சாதாரணக் காற்றில் மெல்லப் பற்றக்கூடிய நைலான் வலைகளும் ஒட்டுப்பட்டைகளும் நொடிகளில் பெருநெருப்பாயின. கஸ் கிரிசம், எட் வைட், ராஜர் சாஃபி மூவரும் மாண்டனர். அந்த வாயுவை வடிவமைப்பாளர்கள் உயிர்வளியாகவே கருதியிருந்தனர் என்று சொன்னால் மிகையாகாது. ஆக்சிஜன் சூழலில் எந்தப் பொருள் எவ்வாறு எரியும் என்ற ஆய்வு அதன்பின் தனித்துறையாகவே வளர்ந்தது. எந்த உலோகம் ஏற்றது, எந்த ரப்பர் ஏற்றது, எவ்வாறு தூய்மைசெய்வது என்பவற்றுக்கான அமெரிக்கத் தரவரையறைகள் அடுத்த பதின்மங்களில் உருவாயின.

ரெகுலேட்டரில் மின்பொறி ஏது என்று கேட்கலாம். தேவையில்லை. டீசல் எஞ்சினை நினைத்துக்கொள்வோம். அதில் தீப்பொறி கிடையாது. உந்துதண்டு காற்றை வேகமாக நெருக்குவதால் எழும் வெப்பமே எண்ணெயைப் பற்றவைக்கிறது. உருளையின் குமிழை ஒருவர் சட்டென்று திறக்கும்போது ரெகுலேட்டரின் முதல்நிலைக்குள் நிகழ்வதும் அதுவே. உள்ளே அமைதியாக இருந்த சிறிதளவு வாயு 1 பாரிலிருந்து 200 பாருக்கு நொடியின் சிறுபகுதியில் நெருக்கப்படுகிறது. வெப்பம் வெளியேற இடமில்லை என்று வைத்துக் கணக்கிட்டால் வாயுவின் வெப்பநிலை 1000 பாகை செல்சியசைத் தொட்டுவிடும். நடைமுறையில் பித்தளைச் சுவர்கள் அதில் பெரும்பகுதியை விழுங்கிக்கொள்கின்றன. ஆனால் ஒரு துளி எண்ணெயோ துணியிழையின் ஒரு துணுக்கோ அங்கே இருந்தால், எஞ்சிய வெப்பமே போதுமானதாகிவிடலாம். முதலில் அது பற்றும். அதன் சூட்டில் ரப்பர் வளையம் பற்றும். வளையத்தின் சூட்டில் உலோகமே எரியத் தொடங்கும்.

உலோகம் எரியுமா? எரியும். இலேசானது, உப்புநீருக்கு அஞ்சாதது என்று புகழப்படும் டைட்டானியம், அழுத்தம் மிகுந்த ஆக்சிஜனில் எளிதில் பற்றும் உலோகங்களில் ஒன்று. அதனாலேயே டைட்டானிய ரெகுலேட்டர்களைச் செறிவு மிகுந்த கலவைகளுக்குப் பயன்படுத்தலாகாது என்கிறார்கள். எடைகூடிய, பழமையான பித்தளையே இங்கே பத்திரமானது.

5

இனி அந்த மசகு. ரெகுலேட்டருக்கு வழக்கமாக இடுவது சிலிகான் மசகு. சாதாரணக் காற்றில் அது தீங்கற்றது. உயர் அழுத்த ஆக்சிஜனில் அது எரிபொருள். அதற்கு மாற்றாக வந்தவை ஃபுளோரின் கலந்த சேர்மங்கள். 1938இல் அமெரிக்காவில் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டறிந்த டெஃப்லான் இக்குடும்பத்தின் மூத்த பிள்ளை. வைட்டான் என்னும் ரப்பர் 1950களின் இறுதியில் வந்தது. ஃபுளோரின் வகை மசகுகள் அதன்பின் வந்தன. இவை ஏன் எளிதில் பற்றுவதில்லை? ஆக்சிஜன் பற்றிக்கொள்ள வேண்டிய இடங்களையெல்லாம் ஃபுளோரின் முன்பே இறுகப் பற்றிக்கொண்டிருக்கிறது. சாம்பல் மறுபடி எரிவதில்லை அல்லவா, ஏறக்குறைய அதைப்போல.

ஆனால் மசகை மாற்றினால் மட்டும் போதாது. பழைய மசகின் சுவடே இருக்கக்கூடாது. ஆக்சிஜனுக்கென ஒரு ரெகுலேட்டரைத் தூய்மைசெய்யும் தொழிலாளி முதலில் அதை ஒவ்வொரு திருகாகப் பிரிக்கிறார். ரப்பர் வளையங்கள் யாவும் கழற்றப்படுகின்றன. உப்புப் படிவை மென்மையான அமிலக்கரைசலில் கரைக்கிறார். பின்னர் சோப்புக்கரைசலில் இட்டு, செவிக்கெட்டா ஒலியலைகளால் அதிரும் தொட்டியில் மூழ்கவைக்கிறார். பலமுறை அலசி, கடைசியாக வாலைவடிநீரில் கழுவி, எண்ணெயற்ற வாயுவை ஊதி உலர்த்துகிறார். மாவுத்தூள் இல்லாத கையுறை அணிகிறார். ஏனெனில் விரலின் இயல்பான நெய்ப்பும்கூட இங்கே அழுக்கு.

தூய்மையாயிற்றா என்று அறிவது எப்படி? புற ஊதா விளக்கின்கீழ்ப் பிடித்தால் சில எண்ணெய்கள் ஒளிரும், எல்லாம் ஒளிர்வதில்லை. மற்றொரு சோதனை எளிது. உலோகத்தின்மேல் தூய நீரை ஊற்றுவது. நீர் விரிந்து மெல்லிய படலமாக நின்றால் பரப்பு தூயது. தாமரை இலைத் தண்ணீராக உருண்டோடினால் அங்கே நெய்ப்பு இருக்கிறது. ஒட்டாமல் இருப்பதை நம் இலக்கியம் உயர்வாகச் சொல்லும். இந்தப் பணிமேசையில் அதுவே குற்றத்தின் சான்று.

ஒரு முரணையும் இங்கே குறிக்கவேண்டும். நெடுங்காலம் ஆக்சிஜன் கருவிகளைக் கழுவப் பயன்பட்டது சிஎஃப்சி-113 என்னும் கரைப்பான். தீப்பற்றாது, எண்ணெயை நன்கு கரைக்கும், சுவடின்றி ஆவியாகிவிடும். அது ஆவியாகிச் சென்ற இடம் வளிமண்டலத்தின் மேலடுக்கு. அங்கே அதன் குடும்பம் ஓசோனை அழித்தது. ஓசோன் என்பது ஆக்சிஜனின் மற்றொரு வடிவமே. கீழே ஆக்சிஜனுக்காகக் கழுவிய நீர்மம் மேலே ஆக்சிஜனின் உடன்பிறப்பைக் கொன்றது. 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கைவழி, வளர்ந்த நாடுகளில் அதன் உற்பத்தி 1995 இறுதியோடு முடிவுக்கு வந்தது. தொழிலாளிகள் மீண்டும் வெந்நீருக்கும் சோப்புக்கும் திரும்பினர்.

6

எஞ்சியிருப்பது ஓர் எண்: நாற்பது.

40 விழுக்காடு வரை ஆக்சிஜன் உள்ள கலவைக்கு ரெகுலேட்டரைத் தனியே தூய்மைசெய்ய வேண்டியதில்லை என்பது பரவலான வழக்கு. பல தயாரிப்பாளர்களும் அவ்வாறே கூறுகின்றனர். இவ்வெண்ணுக்குச் சட்டத் தகுதி தந்தவற்றுள் முக்கியமானது, வணிகமுறை மூழ்குதலுக்காக அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை 1977இல் வகுத்த விதி. 40 விழுக்காட்டைத் தாண்டினால் கருவி ஆக்சிஜனுக்கென வடிவமைக்கப்பட்டு, எரியும் பொருள் நீக்கித் தூய்மையாக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் அதே துறை, அடைபட்ட இடங்களில் பணிபுரிவோருக்காக 1993இல் இயற்றிய விதியில் 23.5 விழுக்காட்டைத் தாண்டிய ஆக்சிஜனையே அபாயமென வரையறுக்கிறது. ஐரோப்பியத் தரவரையறையோ 2003இல் இருந்து, 22 விழுக்காட்டுக்கு மேற்பட்ட கலவைகளுக்கான ரெகுலேட்டர்களைத் தனிவகையாகவே நடத்துகிறது. சாதாரணக் கருவி தவறியும் பொருந்திவிடக்கூடாதென்று அதற்குத் திருகுமரையின் அளவையே மாற்றினார்கள்.

ஒரே வாயு, மூன்று எல்லைக்கோடுகள். இவற்றுள் எது உண்மை? எதுவும் இயற்கை வகுத்த கோடு அன்று என்பதே நேர்மையான விடை. 39 விழுக்காட்டில் குளிர்ந்திருந்து 41இல் எரியும் பொருள் எதுவுமில்லை. அழுத்தம், அழுக்கு, பொருள், திறக்கும் வேகம் ஆகிய நான்கும் சேர்ந்தே தீயை முடிவுசெய்கின்றன. நாற்பது என்பது அனுபவம் இட்ட கோடு. அதற்குக் கீழே பெருந்தொகையான மூழ்குநர்கள் தீங்கின்றிச் சென்று வந்திருக்கிறார்கள் என்பது அதன் வலிமை. அது ஏன் அங்கே இருக்கிறது என்பதை மறப்பது எளிது என்பது அதன் பலவீனம்.

மறதிக்கு ஓர் எடுத்துக்காட்டு. 32 விழுக்காட்டுக் கலவையைத் தயாரிக்கும் முறைகளுள் ஒன்று, வெறும் உருளைக்குள் முதலில் தூய ஆக்சிஜனைச் செலுத்திப் பின் காற்றால் நிரப்புவது. கலவை 32தான். ஆனால் நிரப்பும்போது அந்த உருளையும் அதன் அடைப்பிதழும் தொட்டது 100 விழுக்காடு. நாற்பதின் சலுகை ரெகுலேட்டருக்கு உண்டு, உருளைக்கு இல்லை. பாசிகளும் மீன்களும் நிறைந்த நீருக்குள் 50 விழுக்காடோ தூய ஆக்சிஜனோ நிறைந்த துணை உருளையை இறுதிக்கட்ட ஓய்வுக்காகக் கொண்டுசெல்வோரும் உண்டு. அந்த உருளைக்குரிய ரெகுலேட்டருக்கும் சலுகை கிடையாது.

மற்றொரு மறதி இதனினும் நுட்பமானது. தூய்மை ஒருமுறை பெற்றுவிட்டால் நிலைத்திருக்கும் பட்டம் அன்று. மூச்சுக்கு உகந்ததென ஏற்கப்படும் அழுத்தக்காற்றில் ஒரு கன மீட்டருக்கு 5 மில்லிகிராம் எண்ணெய் வரை அமெரிக்கத் தரம் அனுமதிக்கிறது. ஆக்சிஜனோடு கலப்பதற்கான காற்றில் 0.1 மில்லிகிராம் மட்டுமே. ஐம்பதில் ஒரு பங்கு. தூய்மைசெய்த ரெகுலேட்டரை ஒரேயொரு நாள் சாதாரணக் காற்றுருளையில் மாட்டிவிட்டால், அமுக்கி எந்திரத்தின் எண்ணெய்த் திவலைகள் அதற்குள் குடியேறிவிடக்கூடும். அதன் கழுத்தில் கட்டியிருக்கும் சீட்டு 'தூயது' என்றே சொல்லிக்கொண்டிருக்கும். சீட்டு பொய் சொல்லவில்லை. அதன் காலம் கடந்துவிட்டது, அவ்வளவே.

ஆகவே மூழ்குநர் கையில் விடப்பட்டவை மிகச் சிறிய செயல்கள். கடலிலிருந்து மீண்டதும் தூசுமூடியைப் பொருத்தியபின் நன்னீரில் கழுவுதல். நீரினுள் இருக்கும்போது விசையை அழுத்தாதிருத்தல், அழுத்தினால் நீர் உட்புகும். நிழலில் உலர்த்துதல். கையில் கிடைத்த மசகைத் தடவாதிருத்தல். தயாரிப்பாளர் குறித்த காலத்தில் பயின்ற கைகளிடம் ஒப்படைத்தல். எல்லாவற்றுக்கும் மேலாக, உருளையின் குமிழை மெதுவாகத் திறத்தல். அந்தக் கடைசிச் செயலுக்குச் செலவேதும் இல்லை. அழுத்தம் மெல்ல ஏறினால் வெப்பம் பித்தளைக்குள் வடிந்துவிடும். டீசல் எஞ்சின் எஞ்சினாகாமலேயே போய்விடும்.

7

கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் கூஸ்தோவுக்கும் கான்யானுக்கும் இடமுண்டு. வெல்ஸுக்கும் ருட்கவ்ஸ்கிக்கும் உண்டு. கடைக்கோடிப் பணிமேசையில் வளையத்தை மாற்றி, மசகைத் தொட்டு, சீட்டில் தேதியெழுதும் மனிதருக்கு அதில் இடமில்லை. அவர் தம் வேலையைச் சரிவரச் செய்தால் எதுவும் நிகழாது. நிகழாத ஒன்றை எந்த வரலாறும் பதிவுசெய்வதில்லை. தீப்பற்றிய நாள்களுக்கு விசாரணை அறிக்கைகள் உண்டு. தீப்பற்றாத நாள்களுக்குக் கழுத்துச் சீட்டு மட்டுமே சான்று.

உயிர்வளி என்ற சொல்லைக் கைவிடவேண்டும் என்று நாம் கூறவில்லை. அழகிய சொல் அது; உண்மையும்கூட. ஆனால் 1777இல் அச்சேறி, பின்னர் மறைந்துபோன அந்தப் பழைய பெயரையும் அதன் அருகே வைத்துக்கொள்வது நல்லது. ஓர் உருளையின் குமிழில் கைவைக்கும் மனிதருக்கு அவ்விரண்டு பெயர்களும் வேண்டும். முதற்பெயருக்காக அவர் அதைத் திறக்கிறார். இரண்டாம் பெயர் நினைவிலிருந்தால் மெதுவாகத் திறப்பார்.